சான்று காட்டி எழுதக் கற்பித்தல்: நடுநிலை வகுப்புகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் புதிதாகக் கற்பிக்க வரும் ஆசிரியர் ஒருவர் "மரம் வளர்ப்போம்" என்ற தலைப்பில் வந்த கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தால், முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகத்துக்குள் ஏறத்தாழ ஒரே வாக்கியங்கள் எல்லா ஏடுகளிலும் நிரம்பியிருப்பதைக் காண்பார். அந்தப் பிள்ளைகளுக்கு வாதிடத் தெரியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே பிள்ளைகள் இடைவேளையில் பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று சண்டையிடும்போது புழுதியில் பதிந்த தடத்தைக் காட்டுகிறார்கள், பக்கத்தில் நின்றவனைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள், "நீ நின்ற இடத்திலிருந்து அது தெரியாது" என்று எதிர்ச்சாட்சியை மறுக்கவும் செய்கிறார்கள். சான்று, சாட்சியின் தகுதி, மறுப்பு ஆகிய மூன்றும் அங்கே இருக்கின்றன. தாளில் அவற்றை நாம் கேட்பதில்லை. அழகான நடையையும் மேற்கோளையும் கேட்கிறோம், அவையே கிடைக்கின்றன.

திருநெல்வேலி வட்டாரப் பள்ளிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் இந்த ஊர்ப் பிள்ளைகள் அன்றாடம் பார்ப்பவை, கேட்பவை. வேறு பகுதியில் பணியாற்றுபவர்கள் தங்கள் ஆற்றையும் குளத்தையும் அவ்விடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் வாய்மொழி, பிறகே தாள்

முதல் சில பிரிவேளைகளில் எதையும் எழுதச் சொல்ல வேண்டாம். கரும்பலகையின் ஓரத்தில் மூன்று கேள்விகளை மட்டும் எழுதி, ஆண்டு முழுவதும் அழிக்காமல் வைத்திருங்கள்: நீ சொல்வது என்ன? எதை வைத்துச் சொல்கிறாய்? அது எப்படி இதைக் காட்டுகிறது? முதல் கேள்விக்கான விடை கருத்து, இரண்டாவதற்கான விடை சான்று, மூன்றாவதற்கான விடை விளக்கம். இவற்றில் மூன்றாவதுதான் கடினம். பிள்ளைகள் கருத்தைச் சொல்வார்கள், கேட்டால் சான்றையும் தருவார்கள்; இந்தச் சான்றிலிருந்து அந்தக் கருத்துக்கு எப்படி வந்தாய் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த இடத்தில் நாம் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாமல் காத்திருக்க வேண்டும். ஆசிரியரின் வேலையில் பெரும்பகுதி அந்த இணைப்பு வாக்கியத்தைப் பிள்ளையின் வாயிலிருந்தே வரவழைப்பதில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

தொடங்குவதற்கு இந்த ஊரில் அல்வாவை விடப் பொருத்தமான பொருள் கிடைக்காது. "திருநெல்வேலி அல்வாவின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம்" என்று கரும்பலகையில் எழுதுங்கள். வகுப்பு முழுவதும் ஆமாம் என்று சொல்லும். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் விடைகள் மூன்று வகையில் வரும். "எங்க தாத்தா சொன்னாவ சார்" என்பது ஒன்று. "எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ" என்பது இன்னொன்று. "மெட்ராஸ்ல எங்க அத்தை வாங்கித் தந்தாவ, அதுல இந்த ருசி இல்ல" என்பது மூன்றாவது. மூன்றையும் அந்தப் பிள்ளைகளின் சொற்களிலேயே பலகையில் எழுதிவிட்டு, எது வலுவானது என்று வகுப்பிடமே கேளுங்கள். தானே தின்று பார்த்த மூன்றாவதைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். அது சரியான தேர்வு.

அதற்குப் பிறகே அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: சென்னையில் தின்ற அல்வாவில் தண்ணீர் மட்டும்தான் வேறா? கோதுமை அதேதானா, நெய் அதேதானா, கிண்டியவர் அவரேதானா? சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுப்பது, புளிக்க விடும் நேரம், அடுப்பின் சூடு, கிண்டும் பக்குவம் என்று பிள்ளைகளே ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவார்கள். சமையல் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள், குறிப்பாக வகுப்பில் அதிகம் பேசாதவர்கள், இந்த இடத்தில் வாய் திறப்பதைக் கவனியுங்கள். கடைசியில் யாராவது ஒருவர், "ஒரே மாஸ்டரு ரெண்டு சட்டியிலயும் கிண்டணும், தண்ணிய மட்டும் மாத்தணும்" என்ற இடத்துக்கு வந்துவிடுவார். தின்பவருக்கு எது எந்தத் தண்ணீர் என்று தெரியக் கூடாது என்பதை இன்னொருவர் சேர்ப்பார். ஒரு கருத்தை நிறுவ எத்தகைய சான்று வேண்டும் என்பதை அறிவியல் பாடத்தின் துணையில்லாமலே அவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அந்த வகுப்பை முடிக்கும்போது ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் காரணமல்ல என்று நாம் நிறுவவில்லை; நம் கையில் இப்போது இருக்கும் சான்று அதைச் சொல்லப் போதாது என்று மட்டுமே கண்டோம். "பொய்" என்பதற்கும் "இன்னும் காட்டப்படவில்லை" என்பதற்கும் உள்ள இடைவெளியைப் பிள்ளைகள் உணராவிட்டால், தாத்தா சொன்னதையெல்லாம் மறுப்பதே அறிவு என்று எடுத்துக்கொள்வார்கள்.

பழைய பெயர்கள்

இப்படிச் சிந்திப்பது வெளியிலிருந்து வந்த முறை என்று சில பெற்றோரும் சில ஆசிரியர்களும் நினைப்பதுண்டு. நம் பழைய இலக்கியத்திலேயே இது இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கும் பகுதியை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எளிமையாகச் சொல்லிக் காட்டலாம். இம்மலை நெருப்புடையது என்பது பக்கம், அதாவது கருத்து. புகையுடையது ஆதலால் என்பது ஏது, அதாவது சான்று. அடுக்களை போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்பதை அடுக்களையில் பார்த்திருப்பதால்தான் மலைமேல் தெரியும் புகை நெருப்புக்குச் சான்றாகிறது. நம் மூன்றாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை. ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று போலியான வாதங்களையும் அந்நூல் வகைப்படுத்துகிறது. 1958இல் பிரிட்டன் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் கருத்து, தரவு, இரண்டையும் இணைக்கும் நியாயம் என்று வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டினார். இன்று பல நாட்டுப் பள்ளிகள் பயன்படுத்தும் முறை அதை ஒட்டியது. இரண்டையும் ஆசிரியர் அறிந்திருப்பது நல்லது. ஆறாம் வகுப்புக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தேவையில்லை. மூன்று கேள்விகள் போதும்.

முதல் பத்தி

எழுதத் தொடங்கும்போது கட்டுரை வேண்டாம், ஒரே ஒரு பத்தி போதும். பள்ளிச் சுவருக்குள்ளேயே அளந்தோ எண்ணியோ பார்க்கக்கூடிய பொருளைக் கொடுங்கள். சொட்டும் குழாய் எல்லாப் பள்ளியிலும் இருக்கும், எனவே அதையே எடுத்துக்கொள்கிறேன். "கைகழுவும் இடத்துக் குழாயைச் சரிசெய்ய வேண்டுமா?" என்று கேட்டால் முதலில் வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"தண்ணீர் நமது உயிர். நீரின்றி அமையாது உலகு என்றார் வள்ளுவர். தண்ணீரை வீணாக்கினால் வருங்காலச் சந்ததியினர் துன்பப்படுவர். எனவே குழாயைச் சரிசெய்ய வேண்டும்."

இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் குழாயைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. குறள் தண்ணீரின் அருமையைச் சொல்கிறது; அந்த அருமையை வகுப்பில் யாரும் மறுக்கவில்லை. இந்தக் குழாய் எவ்வளவு வீணாக்குகிறது என்பதே கேள்வி, அதற்கு வள்ளுவர் சாட்சி சொல்ல முடியாது. குறளைக் குறைத்துச் சொல்லாமல் இதை விளக்க வேண்டும்: எதற்காக நாம் கவலைப்பட வேண்டும் என்பதைக் குறள் சொல்லும், கவலைப்படும் அளவுக்கு இங்கே என்ன நடக்கிறது என்பதைக் குழாயடியில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

பிறகு நான்கைந்து பேரை ஒரு லிட்டர் பாட்டிலோடும் கடிகாரத்தோடும் குழாயடிக்கு அனுப்புங்கள். அளந்து வந்த பிறகு அதே பத்தியை எழுதச் சொன்னால் எப்படி அமையும் என்பதற்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டத்தக்க மாதிரி ஒன்று:

"கைகழுவும் இடத்தில் உள்ள மூன்றாவது குழாயைச் சரிசெய்ய வேண்டும். அதை இறுக மூடிய பிறகும் தண்ணீர் சொட்டுகிறது. அதன் அடியில் வைத்த ஒரு லிட்டர் பாட்டில் 20 நிமிடத்தில் நிரம்பியது. அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 3 லிட்டரும், பள்ளி நடக்கும் 7 மணி நேரத்தில் 21 லிட்டரும் வீணாகின்றன. நாங்கள் ஒவ்வொருவரும் குடிப்பதற்கு ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறோம். ஆகவே 21 பேர் ஒரு நாள் குடிக்கும் அளவுத் தண்ணீர் இந்த ஒரு குழாயில் போகிறது."

இந்தப் பத்தியில் நான்கு விவரங்களைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்ட வேண்டும். எந்தக் குழாய் என்று குறிப்பாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எப்படி அளந்தார்கள் என்பது தெரிகிறது, எனவே சந்தேகம் உள்ளவர் தாமே போய் அளந்து பார்க்கலாம். 21 லிட்டர் என்ற எண் வெறும் எண்ணாக நிற்காமல் 21 பேர் குடிக்கும் தண்ணீராகப் பொருள் பெறுகிறது; அதுதான் நாம் தேடிய இணைப்பு வாக்கியம். நான்காவதை வகுப்பு விவாதித்தே கண்டுபிடிக்க வேண்டும்: 24 மணி நேரத்துக்குக் கணக்கிட்டு 72 லிட்டர் என்று ஏன் எழுதவில்லை? மாலையில் மேல்தொட்டி காலியாகிவிட்டால் இரவில் குழாய் சொட்டாது என்று யாராவது சொல்வார்கள். பெரிய எண் கிடைக்கும்போதும் காட்டக்கூடிய எண்ணோடு நிறுத்திக்கொள்வது எழுத்தின் நேர்மை என்பதை அந்த ஒரு கணக்கிலேயே கற்பித்துவிடலாம். இதற்கு ஒரு முழுப் பிரிவேளை போனாலும் போகட்டும்.

தடுமாறும் பிள்ளைகளுக்கு வாக்கியத் தொடக்கங்கள் உதவும்: "இதிலிருந்து தெரிவது", "ஏனென்றால்", "இது காட்டுவது இவ்வளவுதான்". அவற்றைச் சில வாரங்களுக்குப் பிறகு எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய சட்டகத்தின் இடத்தில் புதிய சட்டகம் உட்கார்ந்துவிடும்.

சான்றுகளை எங்கே தேடுவது, எப்படி எடைபோடுவது

அளந்தது, எண்ணியது, நேரில் பார்த்தது, அறிந்தவரிடம் கேட்டது, படித்தது என்ற வரிசையில் பழக்குவது எளிது. பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லும்போது யாரிடம் கேட்டோம், அவருக்கு அது எப்படித் தெரியும் என்ற இரண்டையும் எழுதிவரச் சொல்லுங்கள். குளத்தில் மீன் குறைந்ததைப் பற்றி அதில் வலை வீசியவர் சொல்வதற்கும் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு என்பது அப்படி எழுதும்போதே விளங்கும்.

படித்தறியும் சான்றுக்கு நம் பகுதி நாளிதழ்களில் மழைக்காலத்தில் வரும் அணைகளின் நீர்மட்டக் குறிப்பு அருமையான பயிற்சிப் பொருள். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு அணையினுடையது 118 அடி. அந்தக் குறிப்பைச் சில வாரங்கள் வெட்டி ஒட்டிவரச் சொல்லி, பாபநாசம் அணை நிரம்பிவரும் காலத்தில் "இந்த ஆண்டு நம் ஊரில் நல்ல மழை" என்ற கருத்துக்கு அது சான்றாகுமா என்று கேளுங்கள். எண் உண்மையானது, மூலமும் நம்பத்தக்கது. ஆயினும் சான்று பொருந்தாது. அணையை நிரப்புவது மலைமேல் பெய்யும் மழை. தென்மேற்குப் பருவத்தில் மலையில் கொட்டும்போது ராதாபுரம் பக்கத்துச் சமவெளி காய்ந்து கிடக்கலாம். சமவெளிக்குப் பெரும்பாலான மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. அதே எண், "தாமிரபரணி நீர் பாயும் பாளையங்கால்வாய்ப் பாசன வயல்களில் பிசான நெல் நடவுக்குத் தண்ணீர் கிடைக்கும்" என்ற கருத்துக்கு நல்ல சான்றாகலாம், மானாவாரி ஊருக்கு ஆகாது. ஒரே சான்று ஒரு கருத்தைத் தாங்கும், இன்னொன்றைத் தாங்காது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஆற்றுப் பாசன ஊரிலிருந்தும் மானாவாரி ஊரிலிருந்தும் வரும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருந்தால் விவாதம் தானாகவே சூடுபிடிக்கும்.

வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்திகளை ஒதுக்கிவிடாமல் வகுப்புக்கே கொண்டுவாருங்கள். காற்றாலைகள் மேகத்தைக் கலைத்து மழையை விரட்டுகின்றன, சீமைக் கருவேல மரம் காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது என்பவை போன்ற செய்திகளைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டிருப்பார்கள். யார் எழுதியது, எப்போது எழுதியது, அவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விகளுக்கு அந்தச் செய்திக்குள்ளேயே விடை இருக்கிறதா என்று தேடச் செய்வது போதும். நாள் குறிப்பிடப்படாத காணொளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணியும் பெருக்கெடுத்தபோது எடுத்த காட்சிகள், பின்னால் வரும் எந்த மழைக்காலத்திலும் அன்றையவை போலச் சுற்றக்கூடும். காட்சி உண்மையாக இருந்தும் சான்று பொய்யாகிவிடும் என்பது பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரிகிறது.

எதிர்க்கருத்து

நம் பிள்ளைகள் கோயில் கொடை விழாவிலும் பொங்கல் தொலைக்காட்சியிலும் பட்டிமன்றம் கேட்டு வளர்கிறார்கள். எனக்கும் பட்டிமன்றம் பிடிக்கும். பேச்சுத் தமிழை அது போலக் கூர்மையாக்கும் மேடை குறைவு. ஆனால் சான்று காட்டி எழுதப் பழக்கும் வகுப்பில் அதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம். அங்கே பேசுபவர் தம் அணியை விட்டு அசையக் கூடாது, கைதட்டு கிடைத்த வாக்கியம் வென்றதாகிவிடுகிறது. இங்கே வலுவான சான்றைக் கண்டால் கருத்தை மாற்றிக்கொள்ளும் பிள்ளையைத்தான் நாம் பாராட்ட வேண்டும்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் எழுதிய பத்தியை மற்றவர் படித்து, அதை எழுதியவரே ஒப்புக்கொள்ளும்படி முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுக்கலாம். குழாய்ப் பத்தியை மறுப்பவர், "குழாய் மாற்றப் பணம் வேண்டும், அதைவிட உடைந்த கழிப்பறைக் கதவு அவசரம்" என்று சொல்லலாம். அது நியாயமான மறுப்பு. எழுதியவர் அதை மறைக்காமல் தம் பத்தியில் ஒரு வாக்கியமாகச் சேர்த்து, அடுத்த வாக்கியத்தில் விடை சொல்ல வேண்டும். விடை இல்லையென்றால் தம் கருத்தைத் திருத்த வேண்டும்.

தொடக்க மாதங்களில் சில தலைப்புகளைத் தவிர்ப்பது பிள்ளைகளின் நலனுக்கானது. இந்த மாவட்டத்தில் சாதியின் பெயரால் பள்ளிப் பிள்ளைகளே பிள்ளைகளைத் தாக்கிய கொடுமைகள் நடந்திருக்கின்றன. சாதியைக் காட்டக் கையில் கட்டும் கயிறு, ஊர்த் திருவிழா உரிமை, தெருப் பெயர் போன்றவற்றைப் பற்றி ஒரு பிள்ளை எழுத நேர்ந்தால், அது சான்றைத் தேடாமல் தன் வீட்டாரின் பக்கத்தைக் காக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படும். எழுதிய தாள் வகுப்புக்கு வெளியே போனால் அதற்குப் பாதுகாப்பும் இல்லை. இவை பேசக்கூடாத பொருள்கள் அல்ல. சான்று கேட்பதும் கருத்தை மாற்றிக்கொள்வதும் வகுப்பில் வழக்கமாகி, பிள்ளைகள் ஒருவரையொருவர் நம்பத் தொடங்கிய பிறகு, தலைமையாசிரியரோடு கலந்து பேசி எடுத்துக்கொள்ள வேண்டியவை.

வகுப்புக்கு வகுப்பு

ஆறாம் வகுப்பில் ஒரு கருத்து, ஒரு சான்று, ஒரு விளக்கம் போதும். ஏழாம் வகுப்பில் இரண்டு சான்றுகளும் எதிர்க்கருத்து ஒன்றும். எட்டாம் வகுப்பில் எதிர்க்கருத்துக்கு விடையும் சான்றின் எல்லையும். அமெரிக்காவின் பல மாநிலங்கள் ஏற்ற 2010ஆம் ஆண்டுப் பொதுப் பாடத் தரங்களிலும் எதிர்க்கருத்து ஏழாம் வகுப்பில்தான் நுழைகிறது.

எட்டாம் வகுப்புக்குச் சிவகளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் உள்ள அவ்வூரில் முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 எனக் கதிரியக்கக் கார்பன் ஆய்வில் தெரியவந்ததாகத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. "பொருநைக் (தாமிரபரணிக்) கரை நாகரிகம் 3,200 ஆண்டுகள் பழமையானது" என்று பிள்ளைகள் பெருமையோடு எழுதுவார்கள், பெருமை நியாயமானது. அளக்கப்பட்டது எது என்று கேளுங்கள். அளக்கப்பட்டது நெல். நெல்லின் காலம் தாழியின் காலமாக வேண்டுமானால், புதைத்த அன்றே நெல் உள்ளே இருந்திருக்க வேண்டும். தாழி கலையாமல் இருந்ததா என்பதை அகழாய்வாளர்கள் ஏன் அவ்வளவு கவனமாகப் பதிவு செய்கிறார்கள் என்பது அப்போது புரியும். 2025 ஜனவரியில் அதே ஊரின் இரும்புக்குக் கி.மு. 3345 என்ற காலம் அறிவிக்கப்பட்டதையும் சேர்த்துக்கொண்டு, அந்தக் காலக்கணிப்பு எந்தப் பொருளின் மாதிரியில் செய்யப்பட்டது என்று தேடிவரச் சொல்லலாம்.

திருத்துதல்

முதல் வாசிப்பில் ஒற்றுப்பிழையையும் கையெழுத்தையும் தொடாதீர்கள். பத்தியின் ஓரத்தில் மூன்று கேள்விகளில் எதற்கு விடை இல்லையோ அதை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள். பத்து மதிப்பெண் என்றால் கருத்துக்கு 2, சான்றுக்கு 3, விளக்கத்துக்கு 4, மொழிக்கு 1 என்று நான் பிரிப்பேன். மொழிக்கு ஒன்றுதானா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். மற்றக் கட்டுரைகளில் மொழிக்கு உரிய இடம் இருக்கிறது. இந்தப் பயிற்சியில் விளக்கத்துக்கு அதிக மதிப்பெண் வைத்தால்தான் பிள்ளைகள் அதில் நேரம் செலவிடுவார்கள். இரண்டாம் வரைவில் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். தன் வாதம் நன்றாக இருக்கிறது என்று அறிந்த பிள்ளை ஒற்றுப்பிழையையும் அக்கறையோடு திருத்தும்.

எழுதியதைப் படிக்க ஆசிரியரைத் தவிர ஒருவராவது வேண்டும். குழாயைப் பற்றி எழுதியதைத் தலைமையாசிரியருக்கோ பள்ளி மேலாண்மைக் குழுவுக்கோ விண்ணப்பமாக அனுப்பலாம். பெற்றோர் அமர்ந்திருக்கும் அந்தக் கூட்டத்தில் பிள்ளைகள் இருவர் எழுந்து படிக்க, "இருபது நிமிஷம்னு எப்படிக் கணக்கெடுத்திய?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். அதனால் விண்ணப்பம் போவதற்கு முந்தைய நாள் இன்னொரு குழுவை அனுப்பி அதே குழாயை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டு அளவுகளும் வேறுபட்டால் இரண்டையும், அளந்த நாளையும் நேரத்தையும், அளந்தவர்களின் வகுப்பையும் விண்ணப்பத்தில் அப்படியே எழுதச் செய்யுங்கள்.